ரப்பர் தோப்புக்குள் நுழையாத வேகம்

ரப்பர் மரம் டிசம்பர் கடைசியில் இலை உதிர்க்கத் தொடங்கும். ஜனவரியில் தோட்டம் மொட்டையாகிவிடும். பிப்ரவரியில் செம்பு நிறத் தளிர் விட்டு, மார்ச் முடிவதற்குள் பச்சைக் கூரை மறுபடி மூடிக்கொள்ளும். நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, நிலம் மலையாகத் தொடங்கும் இடத்தில் இருக்கிற ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊர்களில் செல்போனுக்கும் இந்தப் பருவக் கணக்கு உண்டு. மூன்று மூன்றாகக் கூடியிருக்கும் ரப்பர் இலையின் ஒரு சிற்றிலை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளம் வரும். இந்தியாவில் 5ஜி சேவை பெரும்பாலும் ஓடுகிற 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓர் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர். குறுக்கே நிற்கும் பொருளின் அளவும் அலையின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அலை நான்கு பக்கமும் சிதறும். இலை நனைந்திருந்தால் ஒரு பகுதியை அதுவே உறிஞ்சியும் விடும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் ஏக்கர் கணக்கில் நனைந்து நிற்கும் தோட்டத்துக்குப் பின்னால், பள்ளத்தில் ஒரு வீடு இருந்தால் அந்த வீட்டுக்காரர் 5ஜி போன் வாங்கி என்ன பயன்?

இந்த ஊராட்சி பாறசாலை சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. வெள்ளறடை, ஆரியங்கோடு, அம்பூரி, கள்ளிக்காடு என்று பக்கத்து ஊராட்சிகளும் இதே நில அமைப்புதான்: ஏற்றம், இறக்கம், ரப்பர், நடுவே நெய்யாறு. கேரளத்தின் தலைநகரம் திருவனந்தபுரம் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தலைநகருக்கு 2022 டிசம்பர் 28 அன்று ஜியோவின் 5ஜி வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, அக்டோபர் 1 அன்று, தில்லியில் பிரதமர் இந்தச் சேவையைத் தொடங்கிவைத்திருந்தார். நாடெங்கும் விரைவாகத்தான் பரவியது, மறுப்பதற்கில்லை. இரண்டே ஆண்டுகளில், நாட்டின் மாவட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் 5ஜி எட்டிவிட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இந்தக் கணக்கில் திருவனந்தபுரம் மாவட்டம் எட்டப்பட்ட மாவட்டம். கழக்கூட்டத்து மென்பொருள் பூங்காவும் அம்பூரிக்கு அப்பால் உள்ள காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்புகளும் அதில் ஒரே எண்ணாகச் சேர்ந்துவிடுகின்றன.

என் வாதம் இதுதான்: கைபேசி வேகம் என்று நாம் பேசுவதெல்லாம் உச்ச வேகத்தைப் பற்றி. கிராமத்து ஸ்மார்ட்போனுக்கு வேண்டியது குறைந்தபட்ச வேகத்துக்கு ஓர் உத்தரவாதம். இந்த இரண்டையும் வளர்க்கும் வழிகள் வேறு வேறு. முதலாவதற்குக் கோடிகள் கொட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாவதை யாரும் அளப்பதுகூட இல்லை.

கோடிகள் எவ்வளவு என்று பார்ப்போம். 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்தது. ஜியோ மட்டும் 88,078 கோடி. ஏர்டெல் 43,084 கோடி. வோடபோன் ஐடியா 18,799 கோடி. ஏலத்துக்கு வந்த சரக்கில் நம் பேச்சுக்கு முக்கியமானவை இரண்டு. 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமானது. ஒரு நிறுவனத்துக்கே நூறு மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். விளம்பரத்தில் காட்டும் வேகமெல்லாம் இதிலிருந்து வருவது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அலை நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் நீளம். இலையையும் ஓட்டுக் கூரையையும் பொருட்படுத்தாமல் போகும், மேட்டைச் சற்றே வளைந்தும் கடக்கும். ஆனால் இதில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைப்பது ஐந்தோ பத்தோ மெகாஹெர்ட்ஸ்தான். சுருக்கமாக, அகலமானது போய்ச் சேராது, போய்ச் சேர்வது அகலமில்லை. இது கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சியில்லை, இயற்பியல். சூழ்ச்சி இல்லாவிட்டாலும் கணக்குப் பிழை ஒன்று இருக்கிறது. 2016-லும் 2021-லும் இந்த 700 மெகாஹெர்ட்ஸ் ஏலத்துக்கு வந்தபோது, அரசு வைத்த அடிப்படை விலையைக் கண்டு ஒருவரும் கைதூக்கவில்லை. கிராமத்துக்குப் போய்ச்சேரக்கூடிய அலை ஆண்டுக்கணக்கில் விற்காமல் சும்மா கிடந்தது. 2022-ல் விலை குறைந்த பிறகும் ஜியோ மட்டுமே வாங்கியது, ஏறத்தாழ 39,000 கோடிக்கு. தனியாரில் மற்ற இருவரிடம் இன்றும் அது இல்லை. ஆகவே ஒற்றசேகரமங்கலத்துப் பள்ளத்து வீட்டில் எந்த சிம் வேலை செய்யும் என்பது, ஓரளவுக்கு, 2022-ல் யார் எதை வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

வேகத்தைப் பற்றிய பெருமைப் பேச்சு நமக்கு மட்டும் உரிய நோயில்லை. உலகில் முதன்முதலாக, 2019 ஏப்ரலில், வணிக முறையில் 5ஜி தொடங்கிய நாடு தென்கொரியா. அங்கே மூன்று நிறுவனங்களும் விநாடிக்கு 20 ஜிகாபிட் என்று விளம்பரம் செய்தன. நடைமுறையில் கிடைத்தது அதில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு. 2023 மே மாதம் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் மூவருக்கும் சேர்த்து 3,360 கோடி வொன் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் தன் 4ஜி வாடிக்கையாளர்களின் போன் மூலையில் 5ஜி-ஈ என்று எழுத்தை மாற்றிக் காட்டியது. அந்தச் சொல்லை விளம்பரத்தில் கைவிடும்படி 2020-ல் அங்குள்ள விளம்பரத் தன்னொழுங்கு வாரியம் கேட்டுக்கொண்டது. நம் ஊரிலும் திரை மூலையில் தெரியும் 5ஜி எழுத்தை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஏர்டெல் பின்பற்றிய முறையில் போன் முதலில் 4ஜி கோபுரத்தைத்தான் பிடிக்கும். 5ஜி அதன் தோளில் ஏறி வரும். "இங்கே 5ஜி கிடைக்கக்கூடும்" என்று 4ஜி கோபுரம் அறிவித்தாலே எழுத்து மாறிவிடலாம், டேட்டா 4ஜியிலேயே ஓடிக்கொண்டிருந்தாலும். தொழில்நுட்ப விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் கடைக்காரர் சொல்லி, மாதத் தவணையில் புது போன் வாங்கிய ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு விதிகள் தெரியாது, எழுத்துதான் தெரியும்.

அந்தப் போனில் அவர் என்ன செய்கிறார்? காலையில் கோட்டயம் சந்தையில் ரப்பர் ஷீட்டுக்கு என்ன விலை என்று பார்க்கிறார். ஷீட்டும் ஒட்டுப்பாலும் போட்ட கடையிலிருந்து பணம் யுபிஐ வழியாக வருகிறது. மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழு, இரவில் யூடியூப், வளைகுடாவில் இருக்கும் தம்பியோடு வீடியோ அழைப்பு. யுபிஐ பரிமாற்றத்துக்குச் சில கிலோபைட் போதும். கைபேசித் திரையில் தெளிவாக வீடியோ பார்க்க விநாடிக்கு இரண்டு மூன்று மெகாபிட் போதும். மிகத் தெளிவான படத்துக்கும் ஐந்து மெகாபிட்தான். அரசே, 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்கான இலக்கணத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தி நிறுத்திக்கொண்டது. ஐந்நூறு மெகாபிட்டால் ஆறங்குலத் திரைக்கு ஆகப்போவது அதிகமில்லை. பத்து மெகாபிட்டுக்கு மேல் போனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்றே நினைக்கிறேன். சினிமாவைத் தரவிறக்கம் செய்பவர்கள் வேண்டுமானால் என்னோடு சண்டை போடலாம்.

அவருக்கு இல்லாதது, தடையில்லாத இரண்டு மெகாபிட். அதிலும் மேலேற்றும் பக்கம்.

இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் 5ஜி விளம்பரம் எதிலும் இது வராது. கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. கைபேசியால் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். அக்கரையில் ஒலிபெருக்கி, இக்கரையில் வெறும் தொண்டை. அதனால் தொடர்பு அறும்போது முதலில் அறுவது போனிலிருந்து கோபுரத்துக்குப் போகிற வழி. வீடியோ ஓடுகிறது, ஆனால் நாம் அனுப்பும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்பதன் காரணம் இதுவே. 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் போகவும் வரவும் ஒரே அலைவரிசைதான். நேரத்தைப் பங்குபோட்டுக் கொள்ளவேண்டும். நிறுவனங்கள் அந்த நேரத்தில் பெரும்பங்கை இறக்கும் பக்கத்துக்கு ஒதுக்குகின்றன. காரணம், மக்கள் பார்ப்பதுதான் அதிகம், அனுப்புவது குறைவு என்பது சராசரிக் கணக்கு.

சராசரியில் அடங்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப்பதிவைக் கைபேசிச் செயலியில் செய்வது கட்டாயமானது. வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளர்களை நிறுத்தி, நாளுக்கு இருமுறை படமெடுத்து, இடக்குறிப்போடு ஏற்றவேண்டும். கேரளத்தில் இந்த வேலையில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். படமெடுக்கும் மேட் என்னும் மேற்பார்வையாளரும் பெரும்பாலும் பெண்தான். ரேஞ்ச் இல்லாத இடத்தில் படத்தைச் சேமித்துவைத்து, பிறகு ஏற்றச் செயலியில் வழியிருக்கிறது. அதற்காக மேடு ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கும் வேலைக்குக் கூலி கிடையாது. படம் ஏறாவிட்டால், மண் வெட்டிய பெண்ணின் அன்றைய கூலியே கேள்விக்குள்ளாகும். தில்லியில் இதை வகுத்தவர்களுக்கு மேலேற்றும் வேகம் என்பது ஒரு பிரச்சினையாகத் தோன்றியிருக்காது. அவர்கள் அலுவலகத்தில் வைஃபை இருக்கிறது.

படிக்கும் பிள்ளைகள் கதையை, கோவிட் முடக்கத்தின்போது, 2020 ஜூனிலேயே கேரளம் பார்த்துவிட்டது. அரசின் விக்டேர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ஃபர்ஸ்ட் பெல் என்ற இணையவழி வகுப்புகள் தொடங்கிய அந்தச் சில வாரங்களில், கூரை மேல் ஏறி ரேஞ்ச் பிடித்துப் படித்த மாணவியின் படம் நாடெங்கும் போனது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 செப்டம்பர் 19 அன்று, கேரள உயர் நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்திருந்தது. விடுதியில் மாணவிகள் மாலையில் போனை ஒப்படைக்கவேண்டும் என்ற விதியை எதிர்த்த வழக்கு அது. போனைப் பிடுங்குவது உரிமை மீறல் என்றானது. ரேஞ்ச் கொடுக்காமல் இருப்பது என்ன மீறல் என்று இன்னும் எந்த நீதிமன்றத்திலும் யாரும் வலுவாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

5ஜியின் உண்மையான பலத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒரு கோபுரத்தின் திறன் அதன் கீழ் இருக்கும் எல்லோருக்கும் பொதுச்சொத்து. ஆள் கூடினால் பங்கு குறையும். வெள்ளறடை அருகே, இரு மாநில எல்லையில் நிற்கும் குருசுமலைக்குத் தவக்காலத்தில் பல்லாயிரம் பேர் ஏறுகிறார்கள். எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம், விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் மகாசிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். இப்படிப்பட்ட நாட்களில் 4ஜி மூச்சுத் திணறும், 5ஜி தாங்கும். நெரிசலைத் தாங்குவதுதான் அதன் பெரிய குணம். நகரத்துக்கு நாள்தோறும் தேவைப்படும் குணம் அது. கிராமத்துக்கு வருடத்தில் சில நாள் தேவைப்படுவது.

இனி எல்லைக்கு வருவோம். இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டிருந்தது. கோடு போட்ட பிறகும் பெண் கொடுப்பது, எடுப்பது, சந்தை, தேவாலயம், கோயில், எல்லாம் கோட்டைத் தாண்டித்தான். பனச்சமூடு கடைவீதியிலும் களியக்காவிளையிலும் இந்தத் தெரு கேரளம், அந்தத் தெரு தமிழ்நாடு. அணையில் தேங்கும் நெய்யாற்று நீர் 2004-லிருந்து இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வருவதில்லை. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது. ரேடியோ அலைக்கு மட்டும் சோதனைச் சாவடி இல்லை.

ஆனால் அலைக்கு உரிமம் உண்டு. நாட்டை 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு வட்டம் தனித்தனியாக அலைக்கற்றையை விற்கிறார்கள். ஒரே நிறுவனம் கேரள வட்டத்தில் ஓர் அளவும் தமிழ்நாடு வட்டத்தில் வேறோர் அளவும் வைத்திருக்கும். எல்லையோர வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் போன், சமையலறையில் ஒரு மாநிலத்தையும் திண்ணையில் மற்றொரு மாநிலத்தையும் பிடிக்கும். இதனால் இந்த மக்கள் நெடுங்காலம் காசை இழந்தார்கள். தமிழ்நாட்டு சிம் கேரளக் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் அது ரோமிங். வந்த அழைப்பை எடுத்தாலும் கட்டணம். நிமிடத்துக்கு 1.75 ரூபாய் வரை இருந்த அந்தக் கட்டண உச்சவரம்பை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013-ல் 75 பைசாவாகவும், 2015-ல் 45 பைசாவாகவும் குறைத்தது. 2015 ஜூன் 15 முதல் பிஎஸ்என்எல் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. ஜியோ வந்து போட்டி முற்றிய பிறகு எல்லாரும் கைவிட்டார்கள். வீட்டைவிட்டு நகராமலே வெளிமாநிலம் போய்வந்த கட்டணத்தைக் கட்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

கட்டணம் போய்விட்டது, வட்டம் போகவில்லை. 108, 112 போன்ற அவசர உதவி எண்களை அழைத்தால் போன் எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ, அந்த வட்டத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகும். எல்லையின் கேரளப் பக்கத்தில் விபத்து, போன் பிடித்திருப்பது தமிழ்நாட்டுக் கோபுரம் என்றால், ஆம்புலன்ஸ் கேட்பவர் சென்னையில் இருப்பவரிடம் தன் ஊரின் பெயரைச் சொல்லிப் புரியவைக்கவேண்டும். பேரிடர் எச்சரிக்கையும் இப்படியே. 2023-ல் நாடெங்கும் சோதித்துப் பார்த்த, போனைக் கிடுகிடுக்க வைக்கும் அந்த அபாய அறிவிப்பு, எண்ணுக்கு வருவதில்லை. கோபுரத்தின் கீழ் நிற்கும் எல்லாப் போனுக்கும் வருவது. நெய்யாறு அணையின் மதகைத் திறக்கும்போது, ஆற்றங்கரையில் நின்றுகொண்டே எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பிடித்திருக்கும் போன் சும்மா இருக்கும். 2001 நவம்பரில் அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட வட்டாரம் இது. விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

வட்டத்தை வளைக்கவே முடியாதா என்றால், வளைத்திருக்கிறார்கள். நொய்டாவும் காசியாபாத்தும் உத்தரப் பிரதேசம், குர்கானும் ஃபரிதாபாத்தும் ஹரியாணா. தொலைத்தொடர்பில் நான்கும் தில்லி வட்டத்தில். தலைநகரத்துக்காரர்கள் தினமும் எல்லை தாண்டுகிறார்களே, சிரமம் கூடாது என்ற அக்கறை. பாறசாலைக்காரரும் களியக்காவிளைக்காரரும் நாளுக்கு நான்கு முறை எல்லை தாண்டுகிறார்கள்.

எல்லையோரத்தில் வட்டத்தை மாற்றி வரையவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது ஏலக் கணக்கை எல்லாம் குழப்பிவிடும். அதைவிட எளிய வழி ஒன்று, ஏற்கெனவே நம் போனிலேயே இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் கிடைக்காத இடத்தில் திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று தோன்றுமே, கவனித்திருக்கிறீர்களா? அங்கே வேறொரு நிறுவனத்தின் கோபுரம் இருக்கிறது, உங்கள் போனுக்கு அது கேட்கிறது என்று அர்த்தம். அவசரத்துக்கு அந்தக் கோபுரம் உங்களை ஏற்றுக்கொள்ளும்; மற்ற நேரம் ஏற்காது. தடை வணிகத்தில் இருக்கிறது, தொழில்நுட்பத்தில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியபோது தொலைத்தொடர்புத் துறை இந்தத் தடையைத் தற்காலிகமாக நீக்கியது. யாருடைய சிம்மும் யாருடைய கோபுரத்தையும் பிடிக்கலாம் என்றானது. 2025 ஜனவரி 17 அன்று, அரசு நிதியில் நட்ட சுமார் 27,000 4ஜி கோபுர இடங்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் மூவரும் ஒரே கோபுரத்தைப் பகிரும் ஏற்பாட்டை மத்திய அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா தொடங்கிவைத்தார். நல்ல காரியம். அது அரசுப் பணத்தில் எழுந்த கோபுரங்களோடு நிற்கிறது. தனியார் கோபுரம் ஒன்று மட்டுமே எட்டுகிற ஒவ்வொரு வார்டிலும் அந்தப் பகிர்வைக் கட்டாயமாக்க வேண்டும். பயன்படுத்தும் நிறுவனம் கோபுரக்காரருக்கு வாடகை கொடுக்கட்டும். மாநில எல்லையின் இருபுறமும் சில கிலோமீட்டர் அகலத்துக்கு, வட்டம் பாராமல் இது நடக்கவேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள், கோபுரம் சாகாமல் இருப்பது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தையும் திருவனந்தபுரத்தின் தெற்கையும் அடித்தபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பர் தோட்டங்கள் அப்படியே படுத்தன. மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடி, கரையில் குடும்பங்கள் தவித்த அந்த நாட்களில், செல்போன் கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து, டீசல் தீர்ந்து ஊமையாயின. புதுக் கோபுரம் எந்தத் தலைமுறை என்பதற்கு முன்னால், மின்சாரம் போனபின் எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கும் என்று கேட்கவேண்டும். 5ஜி கருவிகள் பழையவற்றைவிட அதிக மின்சாரம் குடிப்பவை. அதே பேட்டரியில் குறைந்த நேரமே ஓடும்.

கோபுரம் என்றதும் எதிர்ப்புப் போராட்டத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. ரேஞ்ச் இல்லை என்று புலம்பும் அதே வார்டில், கோபுரம் வந்தால் புற்றுநோய் வரும் என்று பந்தல் போட்டு உட்காருவதும் கேரளத்தில் வழக்கம்தான். கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் வைத்திருக்கும் வரம்பு, பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு. கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி தன் முழு ஆற்றலையும் போட்டுக் கத்தும், காதோரத்தில். பக்கத்தில் கோபுரம் இருந்தால் மெல்லப் பேசும். உடலில் படுவது பெரும்பாலும் சொந்தப் போனின் அலையே. போராட்டக்காரர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை. நிறுவனங்களும் ஊர் கூடி உட்கார்ந்து விளக்குவதில்லை, காவல் துறையை அழைத்துக்கொண்டு வருகின்றன.

விலையையும் பேசவேண்டும். 1996 செப்டம்பர் 17 அன்று, கொச்சியில் தகழி சிவசங்கரப் பிள்ளை கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பைப் பேசிய காலத்தில் வந்த அழைப்புக்கும் காசு, போன அழைப்புக்கும் காசு. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை தண்ணீர்போல் ஆனது உண்மை. ஆனால் 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தைப் பதினொன்று முதல் இருபத்தைந்து விழுக்காடு வரை ஏற்றின. வரம்பில்லா 5ஜி வேண்டுமென்றால் நாளுக்கு இரண்டு ஜிபி திட்டத்தில் சேரவேண்டும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் விதி வைத்தன. ஜியோவில் அது 28 நாளுக்கு 349 ரூபாய் ஆனது. 5ஜி எட்டாத வார்டில் இருப்பவரும் அந்த விலையையே கொடுக்கிறார். மின்சாரம் பாதிநேரம் வராத ஊருக்கு மின்வாரியம் முழு பில் அனுப்பினால் நாம் விடுவோமா? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வைக்கவேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கட்டளையிட்டது பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்குச் சிறு ஆறுதல்.

வீட்டுக்குள் வேகத்துக்கு வேறு வழி இருக்கிறது. இந்தப் பகுதிகளில் கேபிள் டிவிக்காரர்கள் மின்கம்பம் வழியாக இழுத்த ஃபைபர் இணைப்பு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. வைஃபை வழியே அழைப்பும் பேசலாம் என்பது 2020-லிருந்து ஏர்டெல், ஜியோ இரண்டிலும் உண்டு. போன் அமைப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தனிக் கட்டணமில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், வீட்டில் வைஃபை இருந்தும் பேசுவதற்கு வாசலுக்கு ஓடுகிறவர்கள் ஏராளம். கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியபோது வறுமைக்கோட்டின் கீழுள்ள இருபது லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. நடப்பு அந்த இலக்கிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறது. ஆனாலும் மலைச்சரிவுக் கோபுரங்களுக்குப் பின்னணியில் ஃபைபர் கொடுக்க அந்தக் கம்பி பயன்படும். ஃபைபர் இல்லாத கோபுரத்தில் 5ஜி பெட்டியை மாட்டினாலும் மைக்ரோவேவ் இணைப்பின் அளவுக்கு மேல் வேகம் வராது.

கடைசியாக, அளவை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் தர விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் எங்கெங்கே 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்று வரைபடம் வெளியிடவேண்டும். வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வரைபடம் கணினி கணித்துச் சொல்வது. திறந்த வெளியில் நிற்பவருக்கானது. டிராய் தானே நடத்தும் சோதனை, பெரும்பாலும் சாலையில் கார் ஓட்டிக்கொண்டே அளப்பது. ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் கார் போகாது.

நடந்து அளக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி, குடும்பஸ்ரீ பெண்களும் மாணவர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்து, 2022-ல் நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் மாநிலம் முழுக்க 83 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுத்து, 2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவித்துக்கொண்டது. வீட்டு வாசலுக்கே போன அந்தக் கைகளில் டிராயின் மைஸ்பீடு செயலியைக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டின் உள்ளறையிலும், மழைக்காலத்தில் ஒருமுறை, இலையுதிரும் ஜனவரியில் ஒருமுறை, ஏற்றும் வேகத்தையும் இறக்கும் வேகத்தையும் எடுக்கச் சொல்லலாம். ஒற்றசேகரமங்கலம், அம்பூரி, வெள்ளறடை மூன்றிலும் தொடங்கினால் போதும். எல்லைக்கு அப்பால் பத்துகாணியிலும் அருமனையிலும் தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் கூடவே செய்யலாம். கிடைப்பதை நிறுவனங்களின் வண்ண வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், எங்கே புதுக் கோபுரம் வேண்டும், எங்கே பகிர்வு போதும் என்பது வார்டு வாரியாகத் தெரிந்துவிடும். அடுத்த அலைக்கற்றை ஏலத்தின் நிபந்தனைகளைத் தில்லியில் எழுதும்போது, மாவட்டம் என்று வரும் இடத்தில் எல்லாம் வார்டு என்று மாற்றி எழுதக் கேட்பதற்குக் கையில் அந்த ஆதாரம் இருக்கவேண்டும்.